கொம்பேறி மூக்கனுக்குக் கொடுத்த புகை

கடிக்கிற பாம்பெல்லாம் கடித்த கையோடு புதருக்குள் ஓடிவிடும். கொம்பேறி மூக்கன் அப்படியில்லை என்று விருதுநகர்ப் பக்கம் சொல்வார்கள். அது ஆளைத் தேடி வந்து கொத்தும். கொத்திவிட்டு, இருப்பதிலேயே உயரமான மரத்தின் உச்சிக் கொம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து சுடுகாட்டுத் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். தான் கடித்த ஆளின் சிதையிலிருந்து புகை எழும்புவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் இறங்கும். புகை வரவில்லையென்றால், ஆள் பிழைத்துவிட்டான் என்று தெரிந்துகொண்டு மறுபடியும் தேடி வரும். அதனால் கடிபட்டவனைக் காப்பாற்ற ஒரு வழிதான் உண்டு. வைக்கோலில் பொம்மை கட்டி, அவன் உடுத்திய துணியை அதற்குச் சுற்றி, மரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் கொளுத்த வேண்டும். பாம்பு அதைப் பார்த்துக் காரியம் முடிந்தது என்று நிம்மதியாக இறங்கிப் போய்விடும்.

அந்தப் பெயரில் ஒரு பாம்பு நிஜமாகவே இருக்கிறது. சாட்டைக் கயிறு போல ஒல்லியாக, முதுகு வெண்கல நிறத்தில் இருக்கும். வேலியிலும் மரத்திலும் ஓணான் பிடித்துத் தின்று பிழைக்கிற சாது. விஷம் கிடையாது. கதையில் வருகிற பாம்பின் பெயரைச் சுமந்த பாவத்துக்கு அது கம்படி பட்டுச் சாகிறது. பெயரும் அதோடு நிற்கவில்லை. சாத்தூர் ரோட்டில் முன்னால் போகிற எந்த வண்டியையும் விட்டுவைக்காத ஒரு தனியார் பஸ்ஸை ஜனங்கள் அந்தப் பெயரால்தான் சொல்வார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவில் சண்டையை மூட்டிவிட்டு மாடியில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் அதுதான் பெயர். போன வருஷம் ஒரு பட்டாசுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். அந்தப் பட்டாசைச் செய்த கம்பெனியின் போர்மேன் பொன்மணிக்கு, முதுகுக்குப் பின்னால், அதற்கு முன்பிருந்தே அந்தப் பெயர் உண்டு.

பொன்மணி ஆமத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கூலிக்குப் போனவர்கள். அண்ணன் சங்கிலிமுத்து எட்டாவதோடு புத்தகத்தை மூடிவிட்டு லாரியில் கிளீனராக ஏறினான். இப்போது பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறான். பொன்மணி பன்னிரண்டாவது முடித்து அதே கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தாள். அங்கிருந்து குழாய் உருட்டுவதற்கு, அங்கிருந்து திரி வைப்பதற்கு என்று ஒவ்வொரு ரூமாக எல்லா வேலையும் பழகினாள். கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு போர்மேன் பயிற்சியில் சேர்ந்து பரீட்சை எழுதித் தேறினாள். அந்தக் கம்பெனியில் முதல் பெண் போர்மேன் அவள்தான். அந்தச் செய்தி வந்த அன்று சங்கிலிமுத்து வேனை வழக்கமாக நிறுத்தாத இடத்திலெல்லாம் நிறுத்தி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் சேவு வாங்கிக் கொடுத்தான்.

ஒரு தப்பைச் சொல்லிவிட்டு அகன்றுபோகிற பழக்கம் பொன்மணிக்குக் கிடையாது. வாசலில் தண்ணீர்த் தொட்டி அரைகுறையாக இருந்தால், நிரப்பச் சொல்லிவிட்டு, அது தளும்புகிறவரை பக்கத்திலேயே நிற்பாள். உரசினால் பொறி பறக்கிற கால் கொலுசோடு ஒருத்தி வெடிமருந்து ரூமுக்குள் நுழைந்துவிட்டால், அவளை வெளியே கூப்பிட்டு, கொலுசைக் கழற்றி, பையில் போட்டு, பையை ஆணியில் மாட்டி, மறுபடி அவள் உள்ளே போய் உட்காருகிறவரை கண்ணை எடுக்க மாட்டாள்.

“கொத்திட்டுப் போனாலும் பரவால்ல. புகை வாரவரைக்கும்ல நின்னு பாக்குறா” என்றாள் ஒரு நாள் குழாய் உருட்டுகிற கனகமணி. அன்றைக்கு ஒட்டிக்கொண்டது பெயர்.

போன வருஷத்துப் புதுச் சரக்கு நல்ல சரக்கு. கம்பில் நூலைக் கட்டி அடியில் பற்றவைத்தால், நூலைப் பிடித்துக்கொண்டு சரசரவென்று மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் அங்கேயே நின்று பொன்னிறமாகப் பூச்சொரியும். முதலாளி அதற்குக் ‘கொம்பேறி மூக்கன்’ என்று பெயர் வைத்து, சிவகாசியில் லேபிள் அடித்து வரவழைத்தார். லேபிளில் அந்தப் பாம்பு படமெடுத்து, பல்லைக் காட்டி, சிவந்த கண்ணால் முறைத்துக்கொண்டிருந்தது.

பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் சாவைப் பற்றி வாயால் பேச மாட்டார்கள். சுடுகாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற பாம்பைக் காலையிலேயே பெட்டி பெட்டியாக அடுக்குவது யாருக்குத்தான் நன்றாக இருக்கும்? “இதுக்கு மயிலுன்னு வச்சா ஏறாதாமா?” என்று முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினார்கள். பொன்மணியும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, சீசன் நெருக்கடியில் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

ஆவணி மாதம். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் நின்றது. அன்றைக்குக் காலையில் பேக்கிங் ரூம் வராந்தாவில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால் கையை விட்ட மாரிசெல்வி வீலென்று கத்திக்கொண்டு பின்வாங்கினாள். அந்த வருஷம்தான் பள்ளிப் படிப்பு முடித்து வேலைக்கு வந்த பெண். பெட்டிகளுக்கு மேலே ஒல்லியான பாம்பு ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. ஓட்டில் ஏறி, வேலியோரத்து வேப்பமரத்துக்குத் தாவி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொம்பு கொம்பாக மேலே போய் இலைக்குள் மறைந்தது.

“ஆத்தி, கொம்பேறி மூக்கன்” என்றாள் கனகமணி.

எல்லாரும் மரத்தைப் பார்த்தார்கள். பொன்மணி மட்டும் மாரிசெல்வியின் கையைப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேல் கீறியது போல ரத்தம் பொட்டு வைத்திருந்தது.

“கைய அசைக்காத புள்ள. ஓடாத. மெள்ள நட.”

“அக்கா, அது மேல போயிருச்சுக்கா.”

“போகட்டும். நீ ஆசுபத்திரிக்குப் போ. எந்தப் பாம்புன்னு டாக்டரு சொல்லட்டும்.”

ஏறியது இன்ன பாம்புதான் என்று பொன்மணிக்கும் நிச்சயமாகத் தெரியாது. வெயிலில் ஓடிய பாம்பை வைத்து ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாட அவள் தயாராயில்லை. சங்கிலிமுத்து வேனைத் திருப்பி நிறுத்தியிருந்தான். மாரிசெல்வியின் அம்மா சோலையம்மாளும் அங்கேதான் குழாய் உருட்டுகிறவள். மகளைப் பிடித்து வேனில் ஏற்றினாள். தானும் ஏறினாள். பிறகு என்ன நினைத்தாளோ, இறங்கிவிட்டாள்.

“என்ன மதினி, நீங்க போகலையா?” என்றாள் பொன்மணி.

“நான் போயி என்ன செய்ய? ஊசி டாக்டரு போடுவாரு. மேல இருக்கவனுக்கு யாரு பதில் சொல்றது?”

பாம்பு கடித்த மகளைத் தனியாக அனுப்பிவிட்டு ஒரு தாய் மரத்தடியில் நிற்கிறாள். பொன்மணிக்கு அது உறுத்தியது. ஆனால் நின்று யோசிக்க நேரமில்லை. பிள்ளையோடு போக ஒரு பெண் வேண்டும். கேட்டில் பெண்களைத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்புகிற யோகலட்சுமி நிதானமானவள். “நீ ஏறு” என்று அவளை ஏற்றிவிட்டாள். வேன் விருதுநகர் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு கம்பெனியில் வேலை நடந்தது என்று பெயருக்குச் சொல்லலாம். ரூமுக்கு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கை உருட்டியது, கண் வேம்பையே பார்த்தது. ‘கொம்பேறி மூக்கன்’ லேபிள் ஒட்டுகிற பெண்கள் பசைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள். பேர் வைத்ததால்தான் பேருக்குரியவன் வந்துவிட்டான் என்றார்கள்.

“ஆசுபத்திரிக்குப் போனாப் பத்தாதா?” என்று பொன்மணி கனகமணியிடம் கேட்டாள்.

“ஊசி கடிச்ச விசத்துக்கு. அவன் மறுபடி வருவான்ல, அதுக்கு ஊசி இருக்கா? புகை காட்டாம அவன் இறங்க மாட்டான். இது ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். சின்ன வயதிலிருந்து அவளும் கேட்டு வளர்ந்த கதைதான். ஆனால் வேறு எந்த ஊரிலும், எந்தக் காட்டிலும் வைக்கோலைக் கொளுத்திவிடலாம். இங்கே தீக்குச்சி ஒன்று கேட்டுக்குள் வருவதற்கே வழியில்லை. வேம்புக்கு இந்தப் பக்கம் பேக்கிங் ரூம்கள். அந்தப் பக்கம், சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், சரக்கு நிறைந்த குடோன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பொன்மணி வழக்கம் போல ஒரு சுற்று வந்தாள். கழிப்பறைக்குப் பின்னால், வேம்பின் நிழல் விழுகிற மூலையில், ஒரு சாக்கு கிடந்தது. காலையில் அது அங்கே இல்லை. பிரித்துப் பார்த்தாள். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் மடித்துச் செருகிய மஞ்சள் துப்பட்டா. மாரிசெல்வி முந்தின நாள் போட்டு வந்த துப்பட்டா அது.

சோலையம்மாள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறாள். சாக்கை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வீசியிருப்பாள். வைக்கோலையும் துப்பட்டாவையும் கொண்டு வந்தவள் அதை மட்டும் கொண்டு வராமலா இருப்பாள்? இந்தச் சீமையில் தீப்பெட்டி இல்லாத வீடு எது? பாதி வீடுகளில் அதுதான் தொழில். தூக்குச்சட்டிகளோடு திரும்பி வந்த பெண்களை யாரும் தடவிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய யோகலட்சுமியைப் பொன்மணியேதான் வேனில் ஏற்றி அனுப்பியிருந்தாள். காவலாளி தங்கப்பாண்டியன் பெண்களைத் தொட முடியாது. அந்த இடத்துக்கு வேறு ஆள் போட அவள் மறந்துபோனாள்.

ஓடிப்போய் மணியை அடித்தாள். “எல்லாரும் கைல இருக்கத வச்சிட்டு வெளிய வாங்க. தள்ளாம, ஓடாம, கேட்டுப் பக்கம் வாங்க.”

மருந்து வேலை காலையோடு முடிந்திருந்தது. ஆனாலும் ரூமெல்லாம் சரக்கு. அத்தனை பேரும் கேட்டுக்கு முன்னாலிருந்த வெட்டவெளியில் கூடினார்கள். சோலையம்மாள் கூட்டத்தின் நடுவில் சேலை மடியைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் மட்டுமா என்று பொன்மணிக்குச் சொல்ல முடியவில்லை. பொத்திய கைகள் வேறு சிலவும் இருந்தன.

மேனேஜர் செல்வக்குமார் ஆபீஸிலிருந்து போனோடு வந்தார். ராத்திரி லோடு போக வேண்டிய லாரி வழியில் வந்துகொண்டிருந்தது.

“என்னம்மா இது, சீசன் நேரத்துல வேலைய நிறுத்திட்டு?”

பொன்மணி சாக்கைக் காட்டினாள். அவர் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. “உடனே ஒவ்வொருத்தரா செக் பண்ணுங்க. யார்கிட்ட இருக்கோ அவுங்கள இப்பவே வெளிய அனுப்பிருவோம்.”

“செக் பண்ணப் போறோம்னு சொன்ன நிமிஷத்துல அத எடுத்து வீசிருவாக சார். புல்லுல விழும். இல்ல, யாரும் பாக்காம ரூமுக்குள்ள போயி சரக்குப் பெட்டில ஒளிச்சிருவாக. அப்புறம் எந்தப் பெட்டின்னு தேடுவீக?”

அவருக்கும் விளங்கிவிட்டது.

பொன்மணி களிமண் பிசைகிற ரூமைப் பார்த்தாள். பட்டாசுக் குழாயின் அடியை அடைக்க அங்கே தினமும் களிமண் பிசைந்து வைப்பார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஊர் வழக்கம் ஒன்று மனதில் ஓடியது. ஆமத்தூர்ப் பக்கம் கல்யாண வீட்டில் மோதிரம் காணாமல் போனால் யாரையும் சோதிக்க மாட்டார்கள். எல்லார் கையிலும் சாணி உருண்டை ஒன்றைக் கொடுப்பார்கள். ஒவ்வொருவராய் மறைவுக்குப் போய்விட்டு வந்து அண்டாவில் போட வேண்டும். எடுத்தவர் மோதிரத்தைச் சாணிக்குள் பொதிந்து போட்டுவிடுவார். பொருள் திரும்பி வரும், யாருடைய மானமும் போகாது.

அவள் பெண்களைப் பார்த்துத் திரும்பினாள்.

“மதினிமாரே, அக்காமாரே, கேளுங்க. மரத்துல இருக்கவனுக்குப் புகை வேணும். அவ்வளவுதான? அத நான் குடுக்குறேன்.”

கூட்டம் சலசலத்தது. செல்வக்குமார் போனைக் கீழே இறக்கினார்.

“ரோட்டுக்கு அந்தப் பக்கம், சாம்பிள் வெடிச்சுப் பாக்குற திடல் இருக்குல்ல, அங்கன வச்சுக் கொளுத்துவோம். மரத்துலருந்து பாத்தாத் தெரியிற எடந்தான். எல்லாருமே வாங்க. பொம்மை நீங்க கட்டுங்க, நெருப்பு நான் வைக்கிறேன். ஆனா இந்தக் காம்பவுண்டுக்குள்ள இருக்க தீப்பெட்டி அதுக்கு முன்னால என் கைக்கு வரணும். யாரு கொண்டாந்தாகன்னு நான் கேக்க மாட்டேன்.”

அந்தச் சாணி உருண்டை வழக்கத்தைச் சொல்லி, இங்கே சாணிக்குப் பதில் களிமண் என்றாள். சொல்லி முடிக்குமுன்பே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் யாரும் நகரவில்லை.

சோலையம்மாள்தான் வாயைத் திறந்தாள். “தீப்பெட்டிய வாங்கிக்கிட்டு, புகையும் கெடையாது ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லிட்டா? எம்புள்ளைக்கு யாரு பொறுப்பு?”

வெயில் சுள்ளென்று அடித்தது. வேம்பில் ஓர் இலை ஆடியதற்குக்கூட எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பொன்மணி அவளுக்கு நேரே போய் நின்றாள்.

“மதினி, எனக்கு நீங்கள்லாம் என்ன பேரு வச்சிருக்கீகன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீக?”

சோலையம்மாள் தலையைக் குனிந்தாள். பின்னால் கனகமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க. கொத்திட்டு, புகை பாக்காமப் போறவளா நான்? ஒரு தண்ணித் தொட்டி நெறையிறதுக்கே நின்னு பாக்குறவ, இத விட்டுட்டுப் போயிருவேனா?”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது பக்கத்தில் இருந்தவளுக்குப் பரவி, கூட்டம் முழுவதும் ஓடியது. சோலையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அழுதாள். அழுதுகொண்டே களிமண் ரூமைப் பார்த்து முதல் ஆளாக நடந்தாள்.

அவளைத் தனியாகப் போக விடாமல் கனகமணி ஓடிப்போய் முன்னால் நின்றுகொண்டாள். பிறகு வரிசை தானாக நீண்டது. ஆளுக்கொரு கை ஈரக் களிமண். சேலை மாற்றுகிற ரூமுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். உருண்டையோடு திரும்பி வந்து, தண்ணீர் வைத்த பெரிய டப்பில் போட்டார்கள். பொன்மணி டப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நின்றாள். பொத்பொத்தென்று விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பெண்கள் முடிந்தார்கள். “ஆம்பளையாளும் வாங்க” என்றாள் பொன்மணி. லோடு ஏற்றுகிறவர்கள் போட்டார்கள். தங்கப்பாண்டியன் மீசையைத் தடவிக்கொண்டே போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

“சார், நீங்களும்.”

“நானுமா?” என்றார் செல்வக்குமார்.

“எல்லாரும்னா எல்லாரும் தான சார்.”

அவர் செருப்பில் களிமண் ஒட்ட ஒட்ட நடந்து போனார். மறைவிலிருந்து திரும்ப மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரமே ஆனது.

பொன்மணி டப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து உருண்டைகளை உடைக்க ஆரம்பித்தாள். மண். மண். மண். கை முழங்கைவரை சேறானது. ஓர் உருண்டைக்குள் ஏதோ அட்டை தட்டுப்பட்டது. நனைந்து ஊறிப்போன தீப்பெட்டி. கூட்டத்தில் பெருமூச்சு ஒன்று எழுந்தது. இனி எழுந்துவிடலாம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பொன்மணி எழவில்லை. கடைசி உருண்டைவரை பார்க்காமல் அவள் எந்தக் காலத்தில் எழுந்திருக்கிறாள்?

இன்னொரு தீப்பெட்டி வந்தது. அதற்குப் பிறகு மூன்றாவது ஒன்று. சோலையம்மாளே அதைக் கண்டு வாய்பிளந்தாள். அவள் கொண்டுவந்தது ஒன்றுதான் என்பது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவள் பற்றவைக்கத் தவறிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்காக வேறு இரண்டு பேரும் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் கொண்டுவந்தவைதான். மூன்றும் அந்தக் காம்பவுண்டுக்குள், மூன்று மடியில், சரக்குக்கு நடுவில் மத்தியானம் முழுவதும் இருந்திருக்கின்றன. அந்த நினைப்பு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

கடைசியில் பொன்மணி ஓர் உருண்டையை உடைத்தாள். உள்ளிருந்து நீல நிறத்தில் சிகரெட் லைட்டர் ஒன்று பளபளத்தது.

“எந்தப் பொம்பள கொண்டாந்தது இது?” என்றாள் கனகமணி, முகத்தை ரொம்பவும் அப்பாவியாக வைத்துக்கொண்டு.

லோடு ஆட்கள் தங்கப்பாண்டியனைப் பார்த்தார்கள். “ஏலே, நான் பீடிய விட்டு வருசமாச்சு” என்றார் அவர். எல்லாரும் மரத்தில் இருந்த பாம்பைக்கூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டுச் சிரித்தார்கள். செல்வக்குமார் அப்போது வந்த போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். அந்தப் போன் அடித்ததை யாரும் கேட்கவில்லை.

பொன்மணி மூன்று பெட்டிகளையும் லைட்டரையும் தண்ணீருக்குள்ளேயே அமுக்கிவிட்டு எழுந்தாள். “வாங்க மதினி. பொம்மையக் கட்டுங்க.”

ரோட்டுக்கு அப்பால், கரிசல் தரிசில், சாம்பிள் பார்க்கிற திடல். கேட்டில் தங்கப்பாண்டியனை மட்டும் நிறுத்திவிட்டு எல்லாரும் போனார்கள். பொன்மணி முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தாள். காற்று கம்பெனியை விட்டு விலகி அடித்தது. சுற்றிலும் புல்லைச் செதுக்கச் சொன்னாள். வாளி வாளியாகத் தண்ணீரும் மணலும் வந்த பிறகுதான் திடலின் பெட்டியில் பூட்டி வைத்திருந்த ஊதுவத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்தாள்.

சோலையம்மாள் வைக்கோல் பொம்மைக்கு மஞ்சள் துப்பட்டாவைச் சுற்றினாள். பொன்மணி நெருப்பு வைத்தாள். இறுக்கிக் கட்டிய வைக்கோல் முதலில் முரண்டு பிடித்தது. பிறகு வெள்ளையாக, கனமாக, பனைமரத்தைவிட உயரமாகப் புகை எழும்பியது. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கம்பெனிப் பக்கமே பார்த்தார்கள். அங்கிருந்து பார்க்கும்போது வேம்பு ஒரு பச்சைக் குடை போலத்தான் தெரிந்தது.

“அவனுக்கு இது போதுமா?” என்றாள் ஒருத்தி.

“போதலன்னா அவன் பேருல உள்ளதையும் காட்டிருவோம்” என்றாள் பொன்மணி. கம்பத்தில் நூலைக் கட்டி, சாம்பிளுக்கு வைத்திருந்த புதுச் சரக்கு ஒன்றை அடியில் வைத்துப் பற்றவைத்தாள். அது சீறிக்கொண்டு நூலில் ஏறியது. உச்சியில் போய் நின்றது. வெள்ளைப் புகைக்கு நடுவில், அந்த வெயிலிலும், பொன் பொன்னாகச் சொரிந்தது. அதைப் பெட்டியில் அடைத்தவர்கள்தான் அத்தனை பேரும். கொளுத்திப் பார்த்தவர்கள் அதில் ஒருத்தியும் இல்லை.

“நல்லாத்தான்டி இருக்கு” என்றாள் கனகமணி மெதுவாக.

அப்போது கேட்டிலிருந்து தங்கப்பாண்டியன் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்தார். “இறங்கிட்டான். நான் பாத்தேன். விறுவிறுன்னு இறங்கி, வேலியத் தாண்டி கம்மாக்கரைப் பக்கம் போயிட்டான்.”

மரத்தைச் சுற்றி ஆள் நடமாட்டம் அடங்கியதால் இறங்கியதா, புகையைக் கண்டு இறங்கியதா? பொன்மணி அந்த விவாதத்துக்குள் போகவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். பட்டாசு வெடிக்கிற அந்தத் திடலில் குலவைச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

குலவை அடங்குமுன்பே சங்கிலிமுத்து போனில் வந்தான். “தங்கச்சி, ரீனான்னு ஒரு நர்சம்மா நல்லாப் பாத்துக்கிட்டாக. ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு, விசம் ஏறலயாம். எதுக்கும் நாளைக் காலை வரைக்கும் இருக்கட்டும்னு டாக்டரு சொல்றாரு. புள்ள எண்ணெய்ப் பரோட்டா கேக்குறா, வாங்கிக் குடுக்கலாமா?” அவன் சொன்னதைப் பொன்மணி ஸ்பீக்கரில் போட்டு எல்லாருக்கும் கேட்க வைத்தாள். பிறகு போனை சோலையம்மாளிடம் கொடுத்தாள். “இப்பவாச்சும் புள்ளகிட்டப் போறீகளா மதினி?”

வைக்கோல் சாம்பலாகி, அதன் மேல் தண்ணீர் ஊற்றி, மணலைப் போட்டு, சூடு இருக்கிறதா என்று வெறுங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே பொன்மணி திடலை விட்டு வந்தாள். அதற்குள் பெண்கள் ரூமுக்குத் திரும்பியிருந்தார்கள். காலையில் தள்ளி வைத்த லேபிள் கட்டுகளை யாரும் சொல்லாமலே எடுத்து ஒட்டத் தொடங்கியிருந்தார்கள். லாரி வந்தபோது ஏற்ற வேண்டிய லோடு முழுவதும் வராந்தாவில் தயாராக இருந்தது.

சாயங்காலம் செல்வக்குமார் அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். “அந்த மூணு தீப்பெட்டியும் யாருதுன்னு உனக்குத் தெரியும்ல?”

“களிமண்ணுல பேரு எழுதியா சார் இருந்துச்சு?” என்றாள் பொன்மணி.

“முதலாளி கேட்டா?”

“மூணு தீப்பெட்டி, ஒரு லைட்டருன்னு சொல்லுங்க. கேட்டுல ஆள் இல்லாம விட்டது போர்மேன்தான்னும் சொல்லுங்க. இல்ல, அத நானே சொல்லிக்கிறேன்.”

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்த் திரும்பியது. “லைட்டர நான் சொல்லிக்கிறேன்” என்றார்.

இரண்டு பேரும் சொன்னார்கள். முதலாளி முதலில் கத்தினார். பிறகு கேட்டில் பெண்களைச் சோதிக்க இன்னொரு ஆளையும் போடச் சொன்னார். சோலையம்மாளுக்கு மகள் வீடு திரும்புகிறவரை லீவு கொடுத்தார்கள். யாரும் வேலையை இழக்கவில்லை.

மறுநாள் காலை, வேன்கள் வருவதற்கு முன்னால், பொன்மணி அந்த டப்பைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் பிசைந்த களிமண்ணோடு கேட்டுக்கு உள்பக்கம் வைத்தாள். போடுங்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. சங்கிலிமுத்துவின் வேனிலிருந்து முதலில் இறங்கிய கனகமணி அதைப் பார்த்தாள். ஒரு கை மண்ணை எடுத்தாள். மறைவுக்குப் போய் வந்து போட்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் போட்டார்கள். லோடு ஆட்கள் போட்டார்கள். கடைசியாகக் காரை விட்டு இறங்கிய செல்வக்குமாரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஒன்று போட்டார்.

எல்லாரும் ரூமுக்குப் போன பிறகு பொன்மணி டப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, அமுக்கி, உடைத்து, விரல்களால் பிசைந்து பார்த்தாள். அவசரப்படவில்லை. ஒன்றையும் விடவில்லை.

“என்னம்மா இருக்கு?” என்று ஆபீஸ் வாசலில் நின்று கேட்டார் செல்வக்குமார்.

பொன்மணி சேறு படிந்த இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

“மண்ணு சார். எல்லாமே மண்ணு.”